நாளைக்குப் பயணம், இன்றைக்கு சர்வீஸா?

"விடியற்காலையில் கிளம்புகிறேன், முழு சர்வீஸ் செய்து கொடுங்கள்" என்று மாலை ஐந்து மணிக்கு பைக்கைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களைக் கண்டால், மெக்கானிக்கான எனக்குக் கையே ஓடாது. வேலை முடியாது என்பதல்ல. கழற்றி மாட்டிய பாகம் எதுவும் முதல் நூறு கிலோமீட்டரில்தான் தன் குணத்தைக் காட்டும். புது பிரேக் பேட் டிஸ்க்கோடு படிய வேண்டும். கசிகிற சீல் (எண்ணெய் வெளியே வராமல் அடைக்கும் வளையம்) கசிந்து காட்ட வேண்டும். சரியாக முறுக்காமல் விட்ட போல்ட் தளர்ந்து சத்தம் போட வேண்டும். எங்களுக்கும் கை தவறும். இதெல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்துவிட்டால் நல்லது. பத்து நாள் முன்பே சர்வீஸை முடித்து, அன்றாட ஓட்டத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

செயினைத்தான் அதிகம் பேர் கெடுக்கிறார்கள், அதுவும் அக்கறையால். ஒருவர் தானே இறுக்கியதாகப் பெருமையோடு காட்டினார். வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. முன் பல்சக்கரத்தின் பின்னால் எண்ணெய் கசிந்து, கியர்பாக்ஸ் பேரிங் போயிருந்தது. ஆள் ஏறி உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் கூடும். அதற்கு இடம் கொடுக்கத்தான் தளர்வு. செயினின் நடுப்பகுதி மேலும் கீழும் ஆடும் தூரம்தான் அது; பல வண்டிகளில் 25 முதல் 35 மில்லிமீட்டர். உயரமான சஸ்பென்ஷன் உள்ளவற்றில் இன்னும் அதிகம். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கிறது. பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, செயின் எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். எண்ணெய் விடுவதை ஓட்டி முடித்து, செயின் சூடாக இருக்கும்போது செய்யுங்கள், இரவெல்லாம் ஊறும். என்ஜினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கவே கூடாது. விரல் போன கதைகள் எங்கள் தொழிலில் ஏராளம்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. நீண்ட மலை இறக்கத்தில் காலிப்பரில் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) உள்ள திரவம் கொதித்து, லீவர் பஞ்சு போல அமுங்கும்போதுதான் தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டயரின் காற்றை ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். பின்னால் ஆளும் மூட்டையும் ஏறினால் அதற்கென்று தனி அளவு உண்டு.

வழியில் வண்டி கிளம்பவில்லையா? முதலில் கில் சுவிட்சைப் பாருங்கள், ஹேண்டில்பாரில் என்ஜினை அணைக்க இருக்கும் சுவிட்ச் அது. சிரிக்காதீர்கள், இரண்டு கிலோமீட்டர் வேர்க்க வேர்க்கத் தள்ளிக்கொண்டு வந்தவருக்கு நான் செய்தது அதை ஒரு தட்டுத் தட்டியது மட்டும்தான். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி ரீங்கரிக்கும். அந்த ஒலி இல்லையென்றால் கில் சுவிட்ச், அடுத்து ஃபியூஸ். பொத்தானை அழுத்தினால் 'டிக் டிக்' என்று மட்டும் கேட்கிறதா? பேட்டரி டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். தளர்ந்திருக்கலாம்.

வோல்ட் அளக்கும் சின்ன மல்டிமீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். சில மணி நேரம் ஓய்ந்த, முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாது. என்ஜின் ஓடி, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திருகும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12-லேயே நின்றால் புது பேட்டரி வாங்கிப் பயனில்லை. சார்ஜ் செய்யும் பக்கத்தில் கோளாறு. கூடுதல் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, அருகிலுள்ள பட்டறைக்கு ஓட்டுங்கள்.

ஃபியூஸ் எரிந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். மறுபடி எரிந்தால் எங்கோ ஒயர் உரசுகிறது என்று பொருள். பெரும்பாலும் ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில், அல்லது நீங்களே புதிதாக மாட்டிய விளக்கின் ஒயரில். ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் அடுத்து எரிவது ஒயர் கட்டுதான்.