ஷாக் அப்சார்பர் போல்ட்டுக்கு முன்னால் வெட்டாதீர்கள்

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி தன் புல்லட்டை சேலத்தில் உள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "அண்ணே, ஏற்காடு இறங்கும்போது பின்பக்கம் நீந்துது" என்றார். வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. பழைய ஓனர் அதை மண்பாதையில் ஓட்டும் ஸ்க்ராம்ப்ளர் வண்டி மாதிரி ஆல்டர் செய்திருந்தார். தட்டை சீட்டு, குட்டையான பின் மட்கார்டு, மேட் கறுப்பு பெயின்ட். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

டயர் சரி. வீல் பேரிங் சரி. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் போயிருக்கும் என்று நினைத்தேன், அதுவும் சரி. கடைசியில் சீட்டைக் கழற்றி டார்ச் அடித்தபோது, வண்டியின் எலும்புக்கூடான சேஸிஸின் குழாயில் முடி அளவுக்கு ஒரு துருக்கோடு தெரிந்தது. சுரண்டினால் பெயின்டுக்குக் கீழே பட்டி, அதாவது மேடு பள்ளத்தை மறைக்கப் பூசும் பசை. பட்டிக்குக் கீழே வெல்டிங். வெல்டிங்கை ஒட்டினாற்போல் குழாய் பாதிச் சுற்றுக்கு வாய் பிளந்திருந்தது. அந்த வண்டியில் நண்பனையும் ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்திருக்கிறார்.

நான் ஆல்டரேஷனுக்கு எதிரி இல்லை. இருபது வருஷமாக அதில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் வெட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. புல்லட் போன்ற இரட்டை ஷாக் வண்டிகளில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பின் ஷாக் அப்சார்பர் மேல்பக்கம் சேஸிஸில் சேரும் போல்ட்தான் அந்த எல்லை. பின் சக்கரம் பள்ளத்தில் விழும்போது அந்த இடியின் பெரும்பகுதி அந்த போல்ட் வழியாகத்தான் சேஸிஸுக்குள் போகிறது. அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வளையம் மட்கார்டையும் பின் லைட்டையும்தான் பெரும்பாலும் சுமக்கிறது. அங்கே நாலு அங்குலம் குறைத்தால் உயிர் போகாது. பின்னால் ஆள் ஏற்றாமல் இருந்தால் சரி. அந்த போல்ட்டுக்கு முன்னால் ரம்பம் வைத்தால், ஷாக் பிடிக்கும் இடத்தைச் சாய்த்தோ உயர்த்தியோ நகர்த்தினால், கணக்கே வேறு.

பழைய புல்லட் சேஸிஸில் இன்னொரு விஷயமும் உண்டு. முன்னால் ஒற்றைக் குழாய் இறங்கி எஞ்சினில் வந்து சேரும். அங்கிருந்து பின்பக்கம் வரை எஞ்சினே எலும்பாக நின்று சுமை தாங்கும். எஞ்சின் மவுன்ட் போல்ட் ஒன்று தளர்ந்தாலே வண்டி முழுக்க ஆடும். 350 புல்லட்டில் 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள் அகலம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள ஒற்றை சிலிண்டர். அதன் அதிர்வு ஒவ்வொரு வெல்டையும் நாள் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அந்தத் தம்பியின் வண்டியில் வெல்டிங் ஒன்றும் மோசமில்லை. இதைத்தான் பலரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம் பக்கத்து நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் கைகளுக்கு வெல்டிங் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தடித்த லாரி சேனலும் மெல்லிய வண்டிக் குழாயும் ஒன்றல்ல. வெல்டிங் சூட்டில் அதை ஒட்டிய இரும்பின் குணம் மாறிவிடும். அதனால்தான் குழாய் வெல்டில் உடையாமல் வெல்டின் ஓரத்தில் உடைகிறது. போதாததற்கு, மேடு தெரியக் கூடாது என்று கிரைண்டர் போட்டு மொழுமொழு என்று தேய்த்துவிடுகிறார்கள். அப்படித் தேய்க்கும்போது வெல்டும் குழாயும் மெலிந்துபோகும்.

ஒட்டியே ஆக வேண்டும் என்றால், குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் இன்னொரு குழாய்த் துண்டைக் கொடுத்து, வெளிக்குழாயில் துளை போட்டு அதன் வழியாகவும் வெல்ட் வைக்க வேண்டும். வெட்டும் நேராக இல்லாமல் சாய்வாக இருக்க வேண்டும். பட்டி பூசவே கூடாது. செகண்ட்ஹேண்டில் ஆல்டர் வண்டி வாங்குகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் குழாய் மேல் ஓட்டிக்கொண்டே போனால், பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடிப்பு தளரும். அங்கே சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். விற்கிறவர் மறுத்தால் அதுவே பதில்.

ரேஸ் வண்டி பாணியில் ஆல்டர் செய்யும் கஃபே ரேசர் வேண்டும் என்று கேட்டு வரும் பையன்களுக்கு ஒரு பழைய கதை சொல்வேன். 1950, 60களில் லண்டன் ஏஸ் கஃபே வாசலில் கூடிய இளைஞர்கள்தான் அந்த பாணிக்கு மூலம். மணிக்கு 100 மைலைத் தொட வேண்டும் என்பதுதான் அவர்கள் வெறி. அவர்கள் பெரிதாகக் கொண்டாடிய வண்டிகளில் ஒன்று டிரைட்டன். நார்ட்டனின் ஃபெதர்பெட் சேஸிஸில் டிரயம்ஃப் எஞ்சினைப் பொருத்திய கலப்பு. ஏன் அப்படி? வளைவில் அந்த சேஸிஸ் அவ்வளவு நன்றாக நின்றது. முதலில் நல்ல சேஸிஸைத் தேடிப் பிடித்தார்கள், எஞ்சின் அப்புறம்தான். நாம் சீட்டையும் ஹேண்டில்பாரையும் மட்டும் காப்பியடித்துவிட்டு சேஸிஸை வெட்டுகிறோம். சாப்பர் கதையும் இப்படித்தான். முன் ஃபோர்க்கை நீட்டிச் சாய்த்த அந்த வண்டி கலிபோர்னியாவின் நேரான நெடுஞ்சாலைக்குப் பிறந்தது. கொல்லிமலையின் 70 வளைவுகளில் அதைத் திருப்பிப் பாருங்கள், தோள்பட்டை சொல்லும்.

ஹேண்டில்பார் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். உயரமான ஹேண்டில்பார் போட்டுவிட்டுப் பழைய கேபிள்களையே இழுத்து மாட்டிவிடுவார்கள். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. கொண்டை ஊசியில் முழுசாகத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு ஆக்ஸிலரேட்டர் தானாக ஏறும். மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் வண்டி முன்னால் பாயும். உங்கள் வண்டியை இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் கேபிளை மாற்றாமல் வெளியே எடுக்காதீர்கள். அப்படியே டிஸ்க் பிரேக் ஹோஸ் எங்காவது விறைக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒயரிங் பற்றி எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஹெட்லைட்டில் சாதாரணமாக வரும் 60/55 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். அதே ஒயரில் ரிலே (அதிக மின்சாரத்தைத் தனி ஒயரில் விடும் சுவிட்ச்) இல்லாமல் இரண்டு எக்ஸ்ட்ரா லைட்டைக் கோத்தால் சுவிட்சும் ஒயரும் சேர்ந்து உருகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று ஒருவர் சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாளைச் சுற்றி வைத்திருந்தார். டேங்கிற்கு அடியில் போகும் ஒயர்க்கற்றை கரிக்கட்டையாகித்தான் என்னிடம் வந்தது. பெட்ரோல் பைப் அங்கிருந்து இரண்டு விரற்கடை தூரம்.

சைலன்ஸர் விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை குறைவு. இந்தோர், பஞ்சாப், டால்பின் என்று விதவிதமான பெயர்கள். புது வண்டியில் அந்தக் காலத்து 'டப் டப்' வேண்டுமாம். அந்த சத்தம் சைலன்ஸரில் மட்டும் இல்லை ஐயா. கனமான ஃப்ளைவீல், மெதுவான ஐட்லிங், நீண்ட ஸ்ட்ரோக் எல்லாம் சேர்ந்த தாளம் அது. சைலன்ஸரைக் குடைந்தால் கிடைப்பது இரைச்சல். கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் கூடுதலாகச் சூடாகலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும். தெருவில் கைக்குழந்தை வைத்திருக்கும் தாயைக் கேட்டால் மீதியைச் சொல்வார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஒரே வண்டியில் நாலு மாற்றம் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வேறு நிறம் அடித்தாலும் ஆர்சியில் ஏற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம் இருந்தால், விபத்துக்குப் பிறகு சர்வேயர் கேட்கும் முதல் கேள்விக்கே வாய் அடைத்துவிடும்.

அந்தத் தம்பியின் சேஸிஸை நான் ஒட்டித் தரவில்லை. கோபித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். வேறு சேஸிஸுக்குச் செலவு, அதன் எண்ணை ஆர்சியில் ஏற்ற ஆர்டிஓ அலுவலகத்துக்கு நடை என்று எல்லாம் முடிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. அந்தத் தட்டை சீட்டை மட்டும் விட மனசு வரவில்லை என்றார். அடியில் பிராக்கெட் செய்து, எதையும் வெட்டாமல் பொருத்திக் கொடுத்தேன்.

வாய் பிளந்த அந்தக் குழாய்த் துண்டை அறுத்து எடுத்துப் பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். சேஸிஸை வெட்டச் சொல்லி வருகிறவர்கள் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பேன். சிலர் சீட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பட்டறையைத் தேடிப் போகிறார்கள்.