கொள்ளு ஒத்துக்கொள்ளாத குதிரை

குதிரையின் கழுத்திலும் விலாவிலும் காசு காசாகத் தடிப்பு எழும்பினால் 'கொள்ளுச் சூடு' என்று சொல்லிவிடுவது எளிது. சூடு தணிய கொள்ளை இரவெல்லாம் ஊறவைத்து, வேகவைத்து வைப்பார்கள். தடிப்பு போகாது. வேகவைத்தால் கொள்ளில் உள்ள செரிமானத் தடைப்பொருள்கள் அழியும். ஒவ்வாமையைக் கிளப்பும் புரதமும் அழிந்துவிடும் என்று நம்ப முடியாது.

ஒவ்வாமையில் உடம்பு சண்டை போடுவது பெரும்பாலும் ஒரு புரதத்தோடுதான். அதைப் பகையாகக் குறித்துவைத்த எதிர்ப்பொருள்கள், தோலில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். அந்தப் புரதம் வந்து தொட்டதும் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியும். அந்தக் கசிவுதான் தடிப்பு. வண்டி இழுக்கும் வலுவோ முக்கியமாக மாவுச்சத்து, கொழுப்பு, நார் மூன்றிலிருந்தும் வருகிறது. ஆகவே கொள்ளை நிறுத்தினாலும் வலுவை வேறு வழியில் கொடுத்துவிடலாம்.

அதற்கு முன், தீவனம்தான் காரணமா என்று பார்க்க வேண்டும். குதிரைகளில் தீவன ஒவ்வாமை அரிது. பூச்சிக்கடி ஒவ்வாமைதான் அதிகம். பிடரியையும் வால் அடியையும் தேய்த்துத் தேய்த்து முடி கொட்டினால் முதலில் குறுணிக் கொசு மேல் சந்தேகப்படுங்கள். கண்மாய் நிறையும் ஐப்பசி, கார்த்திகையில், விடியலிலும் அந்தியிலும் அது கடிக்கும். காற்றை எதிர்த்துப் பறக்கத் திராணியில்லாத பூச்சி என்பதால், கடற்காற்று அடிக்கும் இடத்தில் கட்டினாலே பாதி குறையும். மாதக்கணக்கில் பருவம் பாராமல் உடம்பெங்கும் தடிப்பு வந்தால் தீவனத்தைச் சோதிக்கலாம். இரத்தப் பரிசோதனையை இதற்கு நம்ப முடியாது. விலக்கிப் பார்ப்பது ஒன்றே வழி.

7 முதல் 10 நாளில் படிப்படியாக ஒரே ஒரு புல்லுக்கு மாற்றுங்கள். மாற்றி முடிந்த நாளிலிருந்து 6 முதல் 8 வாரம் அந்தப் புல், உப்பு, தண்ணீர் மட்டும். 300 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு நாளுக்கு 6 முதல் 7 கிலோ காய்ந்த அருகம்புல் போதும். நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். சோளத்தட்டை மாட்டுக்கு ஆகும், குதிரைக்கு ஆகாது: சிறுநீர்ப்பையும் பின்னங்கால்களும் கெடலாம். கொழுக்கட்டைப் புல்லிலும் கம்பு நேப்பியர் புல்லிலும் உள்ள ஆக்ஸலேட் என்ற உப்பு, சுண்ணாம்புச் சத்தைக் குதிரைக்குச் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். இந்தத் தமிழ்க் கடற்கரையில் நல்ல புல் எளிதில் கிடைக்காது என்பது உண்மைதான். 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் இறக்கிய அரபுக் குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் கொடுத்ததாக மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார்!

சோதனைக் காலத்தில் பந்தயமும் பாரமும் கிடையாது. மெல்ல நடத்தினால் போதும். மாதக்கணக்கான பாட்டைக் கெடுப்பவை சில்லறைச் சங்கதிகள்: யாரோ நீட்டும் வெல்லம், வேலியோரம் உதிர்ந்த சீமைக் கருவேலங்காய், தவிடு ஒட்டிய பழைய வாளி. கருவேலங்காய் நிறையத் தின்றால் குடலும் அடைத்துக்கொள்ளும்.

தடிப்பு அடங்கியதும் வேலைக்கான தீவனம். 300 கிலோ குதிரை சும்மா நிற்க தீவனத்திலிருந்து நாளுக்குச் சுமார் 10 மெகாகலோரி (1 மெகாகலோரி என்பது 1,000 கிலோகலோரி) ஆற்றல் வேண்டும், கடும் வேலைக்கு 16. நடுவிலுள்ள 6 என்பது ஏறக்குறைய 2 கிலோ கொள்ளு தந்துவந்த அளவு. அந்த இடத்தை நிரப்ப இந்தப் பக்கத்தில் நான் முதலில் கைவைப்பது தேங்காய்ப் புண்ணாக்கு. மாவுச்சத்து குறைவு, எண்ணெய் மிச்சமிருக்கும். ஒன்றேகால் கிலோ சுமார் 4 மெகாகலோரி தரும். அதுவும் புரதமுள்ள புதுத் தீவனம்தான், எனவே முதல் வாரம் அதைத் தனியாகக் கொடுத்துத் தோலைக் கவனியுங்கள். தடிப்பில்லை என்றால் 250 மில்லி சுத்திகரித்த தவிட்டு எண்ணெய் மீதி 2-ஐத் தரும்; சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது.

புண்ணாக்கை 200 கிராமில் தொடங்கி 2 வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுபோங்கள்; எண்ணெயை 30 மில்லியில் தொடங்குங்கள். 1 கிலோ புண்ணாக்குக்கு 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். இந்த வெக்கையில் அரை நாளில் புளித்துவிடும். ஈரக் காற்றில் சாக்கு பூசணம் பிடிக்கும். பூசண வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். பூசணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும், பூசணமே தடிப்பையும் கிளப்பும். இந்தப் புண்ணாக்கில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. குதிரை மசால் காய்ந்ததாகக் கிடைத்து, ஒத்துக்கொண்டால், நாளுக்கு 1 கிலோ அந்தக் குறையையும் சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்தே ஈடுகட்டும். மாவுத் தீவனமே வேண்டுமென்றால் ஒரு வேளைக்கு மாவுச்சத்து 300 கிராமைத் தாண்டக் கூடாது; செரிக்காதது பெருங்குடலில் புளித்து வயிற்றுவலியும் குளம்பு வீக்கமும் கொண்டுவரும். கோழித் தீவனத்தைத் தொடவே வேண்டாம்: கோழிக்குக் கொடுக்கும் மருந்தான மோனென்சின் கலந்திருந்தால் குதிரையின் இதயம் தாங்காது.

வேலை நாளில் 30 முதல் 45 கிராம் உப்பை நனைந்த தீவனத்தில் கலந்து கொடுங்கள். வியர்வை 1 லிட்டர் போனால் உப்பு ஏறக்குறைய 10 கிராம் போகும். கிணறு உவர்த்த ஊர்களில் குதிரை தண்ணீரைத் தள்ளும்; காய்ந்த புல்லும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் குடல் அடைக்கும். வெயில் காலத்தில் 30 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கிறதா என்று வாளிக் கணக்கு வையுங்கள்.

கடைசியாகச் சந்தேகத் தீவனத்தை ஒரு பிடி திரும்ப வையுங்கள், ஒரு வாரத்துக்கு ஒரு தீவனம்தான். கொள்ளில் தடிப்பு திரும்பினால் குற்றவாளி அதுதான். கடலைக்கொடியும் கடலைப் பொட்டும் அதே பயற்றுக் குடும்பம், ஆனால் அவற்றையும் தானாகக் குற்றம் சாட்ட வேண்டாம், தனித்தனியாகச் சோதியுங்கள். ஏதாவது ஒரு சோதனையில் மூக்கோ உதடோ வீங்கி மூச்சு இரைத்தால், அடுத்த பிடிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.