மூன்று மாதம் டிராயரில் கிடந்த பாரிமுனை

தாத்தாவின் யாஷிகா கேமராவோடு பாரிமுனையைச் சுற்றிவந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எடுத்த ரோல் மூன்று மாதம் டிராயரில் கிடந்தது. கழுவினால் மீன்பாடி வண்டி, டீக்கடை எல்லாம் அப்படியே வந்திருக்கின்றன. அதுவரை படம் எங்கே இருந்தது?"

லென்ஸ், ஷட்டர், தலைகீழ் பிம்பம் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். நேராக ஃபிலிமுக்குள் போவோம். அதன்மேல் பூசியிருப்பது ஜெலட்டின். அதற்குள் வெள்ளி புரோமைடு படிகங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளித்துகள் ஒன்று விழுந்ததும் ஒரு புரோமைடு அயனி தன் எலெக்ட்ரானை விட்டுவிடுகிறது. அது அலைந்து திரிந்து, படிகத்தில் உள்ள ஏதோ ஒரு குறையில் மாட்டிக்கொள்ளும். வெள்ளி அயனி ஒன்று மெல்ல நகர்ந்து வந்து அதோடு சேர்ந்தால், ஒரு வெள்ளி அணு. 1938இல் கர்னி, மாட் (Mott) என்ற இரு இயற்பியலாளர்கள் தந்த விளக்கம் இது. இப்படி நாலு அணு ஒரே இடத்தில் கூடினால் போதும், அந்தப் படிகத்தில் ஒளி பதிந்தாயிற்று. பல நூறு கோடி அயனிகளுக்கு நடுவே வெறும் நாலு! வாசகரின் டீக்கடை மூன்று மாதமும் இந்த வடிவில்தான் இருந்தது.

ஃபிலிம் கழுவும்போது முதலில் ஊற்றும் டெவலப்பர் திரவம் செய்வது உறைமோரின் வேலை. நாலு அணு உள்ள படிகம் முழுவதும் கறுப்பு நிற வெள்ளி உலோகமாகிவிடும். உறை விழாத படிகம் பாலாகவே நிற்கும். அதை அடுத்து ஊற்றும் ஹைப்போ என்ற உப்புக் கரைசல் கரைத்துவிடும்.

அந்தக் 'குறை' எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. சில ஜெலட்டினில் ஃபிலிம் நன்றாக வேலை செய்தது, சிலதில் மந்தம். கோடாக் ஃபிலிம் நிறுவனத்தின் வேதியியலாளர் ஷெப்பர்ட் 1925இல் காரணத்தைச் சொன்னார்: கந்தகச் சேர்மங்கள். மாடு மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து வந்தவை! அவை படிகத்தின்மேல் வெள்ளி சல்பைடுப் புள்ளிகளை வைக்க, எலெக்ட்ரான் அங்கே போய் மாட்டுகிறது. போட்டோ பிடித்தால் ஆயுள் குறையும் என்பார் என் பாட்டி. குறைவது புரோமைடுக்கு ஒரு எலெக்ட்ரான், அவ்வளவுதான் பாட்டி.

ஊட்டியில் 'இந்து' ஃபிலிம் தயாரித்த அரசு ஆலை இன்று இல்லை. இருட்டில் இதே பூச்சைப் பூசிப் பழகிய கைகளின் அறிவைப் பதிவுசெய்ய யாராவது நிதி ஒதுக்கினால் நன்றாயிருக்கும்.

சரி, வாசகரின் இரண்டாவது புகார்: இரவில் எடுத்த பஸ் நிறுத்தம் இருண்டுபோனதாம், ஒளி அளக்கும் மீட்டர் காட்டிய 10 விநாடியைத்தான் கொடுத்தாராம். தனியாக நிற்கும் வெள்ளி அணு நிலையில்லாதது. மங்கலான வெளிச்சத்தில் அடுத்த எலெக்ட்ரான் வருவதற்குள் அது மறுபடி அயனியாகிவிடும், விழுந்த ஒளி வீண். டிரை-எக்ஸ் ஃபிலிமுக்குக் கோடாக் தந்த அட்டவணைப்படி, மீட்டர் 10 விநாடி என்றால் 50 விநாடி கொடுக்க வேண்டும். அப்புறம், கேமரா ஆடாமல் நிற்க ஸ்டாண்டை மறக்க வேண்டாம்.