மோதிரம் சிக்கும், சங்கிலி சிக்காது

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். தென்னந்தோப்பில் வேலையாக இருந்தபோது கழுத்துச் சங்கிலி அறுந்து எங்கோ விழுந்துவிட்டது. தெரிந்தவரிடம் மெட்டல் டிடெக்டர் இரவல் வாங்கித் தேடியிருக்கிறார்கள். ஓரிடத்தில் அது கத்துகிறது. தோண்டினால் எதுவும் கண்ணில் படவில்லை. அள்ளிப் போட்ட மண்ணைக் காட்டினால் அங்கேயும் கத்துகிறது. “குழிதான் பெரிதாகிக்கொண்டே போகிறது. சரியான இடத்தைக் காட்ட, கைக்கடக்கமாக ஏதாவது நாமே செய்துகொள்ள முடியுமா?” என்று கேட்டிருந்தார்.

முடியும். பின்பாயிண்டர் என்று அதற்குப் பெயர். பெரிய டிடெக்டரின் தட்டு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். ஆழத்தில் இருப்பதை உணரும், ஆனால் தட்டுக்குக் கீழே எந்த மூலையில் என்று துல்லியமாகச் சொல்லாது. பின்பாயிண்டர் டார்ச் லைட் அளவுக் குச்சி. நுனியைக் குழிக்குள் விட்டுத் துழாவலாம்.

அடிப்படை, பள்ளியில் படித்ததுதான். சுருளில் மாறும் மின்னோட்டம் ஓடினால் மாறும் காந்தப்புலம் உண்டாகும். அந்தப் புலத்தில் ஓர் உலோகத்துண்டு அகப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் ஓடும். ஓடினால் உலோகம் துளியூண்டு சூடாகும். அந்தச் சூட்டுக்கான சக்தி நம் சுருளிலிருந்துதான் போகிறது. கருவி கவனிப்பது இந்தத் திருட்டை. மண்ணுக்குள் கிடக்கும் மூக்குத்தி திருடுவது எவ்வளவு சொற்பமாக இருக்கும்! அதை மூன்று டிரான்சிஸ்டரை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தூளியில் பிள்ளை தூங்குகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை விட்டுவிட்டு இழுக்கிறாள். ஒவ்வோர் ஆட்டத்திலும் உராய்வு கொஞ்சம் சக்தியைத் தின்னும். அம்மாவின் இழுப்பு அதை ஈடுகட்டும். அவள் பலமாக இழுத்துக்கொண்டிருந்தால், தூளிச் சேலையின் முனை தரையில் உரசினாலும் ஆட்டத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கும் கண் செருகுகிறது. இப்போது விரல் நுனியால்தான் இழுக்கிறாள், ஆட்டம் நிற்காமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும். இந்த நிலையில் சேலை முனை உரசினால் போதும், தூளி அடங்கி நின்றுவிடும்.

நம் சுற்றும் அப்படித்தான். சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்து தூளி, டிரான்சிஸ்டர் அம்மா. ஊட்டத்தைக் குறைத்துக் குறைத்து, அலைவு நிற்கப்போகும் விளிம்பில் கொண்டுபோய் வைக்கிறோம். அங்கே ஒரு மோதிரம் குறுக்கே வந்தால் அலைவு அணைந்துவிடும், உடனே கருவி கத்தும். மிகச் சிறிய இழப்பு, ‘உண்டு, இல்லை’ என்ற பெரிய மாற்றமாகத் தெரிகிறது. ஆலைகளில் இரும்புப் பாகம் வந்துவிட்டதா என்று பார்க்கும் பிராக்ஸிமிட்டி சென்சார்கள் பலவற்றிலும் இதே உத்திதான். விளிம்புக்கு மிக அருகில் வைத்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். உலோகத்தை எடுத்த பிறகும் ஒலி உடனே நிற்காது. அடங்கிப்போன அலைவு ஒன்றுமில்லாத நிலையிலிருந்து மறுபடி வளர்ந்து வர வேண்டுமே! நானோ நொடிக் கணக்குப் பேசும் மின்னணுவியலில், ஒன்று வளர்வதைக் காதால் கேட்க முடிகிற இடம் இது.

சரி, செய்முறை. பழைய ரேடியோவின் ஃபெரைட் கம்பியில் 6 சென்டிமீட்டர் துண்டு. அதன்மேல் 32-ஆம் கேஜ் எனாமல் கம்பியில் சுமார் 150 சுற்று. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் இந்தக் கம்பி கிடைக்கும். சுருளின் தூண்டல் 1 மில்லிஹென்றி அளவு வரும், ஃபெரைட்டுக்கு ஃபெரைட் கூடக்குறைய இருக்கும். இதனுடன் 22 நானோஃபாரட் பாலியஸ்டர் கெப்பாசிட்டர் இரண்டைத் தொடரிணைப்பில் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய 48,000 அலைவுகள். இப்படி அலைவை உண்டாக்கும் சுற்றுக்குக் கால்பிட்ஸ் அலையியற்றி என்று பெயர். அதற்குப் பிசி547 டிரான்சிஸ்டர். இரண்டு கெப்பாசிட்டர்களின் நடுவிலிருந்து எமிட்டருக்குப் போகும் பின்னூட்டப் பாதையில் 20 கிலோ ஓம் பல சுற்று பிரீசெட், அதாவது திருகித் திருகிச் சரிசெய்யும் மின்தடை. அலைவை டயோடு வைத்துத் திருத்தி இரண்டாவது டிரான்சிஸ்டருக்குக் கொடுங்கள். அலைவு இருக்கும்வரை அது மூன்றாவதை அணைத்தே வைத்திருக்கும். அலைவு நின்றால் மூன்றாவது விழித்துக்கொண்டு பஸ்ஸரை ஒலிக்கச் செய்யும். 9 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுக்காமல் 78எல்05 என்ற மின்னழுத்தச் சீராக்கி வழியாக 5 வோல்ட்டாக்கிக் கொடுங்கள். நேராகக் கொடுத்தால், பேட்டரி இறங்க இறங்க விளிம்பும் நகர்ந்துவிடும்.

நான் முதலில் செய்தது கையைக் கிட்டே கொண்டுபோனாலே கத்தியது. ஈர மண்ணைத் தொட்டாலும் கத்தியது. உடம்புக்கும் சுருளுக்கும் இடையிலான மின்தேக்கு விளைவு. சரி, அடுக்களை அலுமினியத் தாளைச் சுற்றித் தரை இணைப்புக் கொடுத்தால் போகும் என்று, சுருளின்மேல் ஒரு முழு வளையமாகச் சுற்றினேன். அலைவு தொடங்கவே இல்லை. இரண்டு மாலைப்பொழுது டிரான்சிஸ்டரையும் பற்றவைத்த இடங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். குற்றவாளி அந்தத் தாள். முழுதாகச் சுற்றிய தாள், சுருளைப் போர்த்திய ஒரு மோதிரம். சக்தி முழுவதையும் அதுவே விழுங்கிக்கொண்டிருந்தது. நீளவாக்கில் 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டியதும் அலைவு வந்தது, கைக்குக் கத்துவதும் போயிற்று.

இதையே சோதனையாகச் செய்து பாருங்கள். ஒரு செம்புக் கம்பியை மோதிரம்போல் வளைத்து, முனைகளைப் பற்றவைத்து, கருவியின் நுனிக்கு எதிரே காட்டுங்கள். கத்தும். அப்புறம் ஒரு வெட்டு. அதே செம்பு, அதே எடை, அதே தூரம். பெரும்பாலும் மௌனம்தான். மின்னோட்டம் பெரிய வட்டமாகச் சுற்றி வர வழி இல்லை, கம்பியின் தடிமனுக்குள்ளேயே சிறிய சுழல்களாகச் சுருங்கிவிடுகிறது.

வாசகியின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. சங்கிலி என்பது நூற்றுக்கணக்கான குட்டி வளையங்கள். ஒன்றையொன்று தொட்டாலும், தொடும் இடம் புள்ளியளவு. மின்னோட்டம் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் தனித்தனியே சுற்றுகிறது. அதனால் ஒன்றரைப் பவுன் சங்கிலி, அரைப் பவுன் மோதிரம் அளவுக்குக்கூடக் கத்தாது. எடையைப் பார்த்து நம்பிக்கை வைத்துத் தேடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

தூரமும் பெரிய தடை. நுனியிலிருந்து விலகி நிற்கும் சிறு பொருளுக்குப் போய்ச்சேரும் புலம் தூரத்தின் மும்மடியில் குறைகிறது, பொருள் திருப்பித் தரும் விளைவு இன்னொரு மும்மடியில். இரண்டும் சேர்ந்து ஆறாம் அடுக்கு. தூரம் இரண்டு மடங்கானால் விளைவு 64-இல் ஒரு பங்கு. இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். துல்லியம் கிடைப்பதும் அதே காரணத்தால்தான்.

வெயிலையும் கவனியுங்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். நிழலில் சரிசெய்த கருவியை வெயிலுக்குக் கொண்டுபோய் 15 டிகிரி சூடேறினால் சுருளின் தடை ஏறக்குறைய 6 சதவீதம் கூடிவிடும். மூக்குத்தித் திருகு தரும் மாற்றத்தைவிட இது பெரிது. தேடும் இடத்தில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, பிரீசெட்டை ஒலி வரும்வரை திருகி, கொஞ்சம் பின்வாங்கி விடுங்கள்.

சோதிக்கும்போது உங்கள் கையையே நம்பாதீர்கள். ஐந்து காகிதக் கப்புகளைக் கவிழ்த்து, மோதிரத்தை எதன் கீழ் வைத்தது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவரை வைக்கச் சொல்லுங்கள். சில முறை எதன் கீழும் வைக்காமல் விடச் சொல்லுங்கள். வைத்த 20 முறையில் குருட்டாம்போக்காகச் சொன்னாலே நாலு சரியாக வரும். உங்கள் கருவி அதை வெகுவாகத் தாண்ட வேண்டும், காலியான சுற்றுகளில் கத்தவும் கூடாது.

சோதிக்கும் இடமும் முக்கியம். 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு தூண்டல் கருவி செய்தார். சோதனைகளில் நன்றாக வேலை செய்த கருவி, அதிபரின் படுக்கையில் குழப்பமாக ஒலித்தது. மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள். போதாததற்கு வலப்புறம் மட்டும் தேட மருத்துவர் அனுமதித்தார், குண்டு இடப்புறம் இருந்தது. செப்டம்பர் 19-இல் கார்ஃபீல்டு இறந்தார்.

கப் சோதனையைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. ஏடிஇ 651 என்று ஒரு ‘வெடிகுண்டு கண்டறியும் கருவி’ இராக்கின் சோதனைச் சாவடிகளுக்கு விற்கப்பட்டது. கைப்பிடியும் ஆடும் ஆன்டெனாவும்தான், பேட்டரிகூடக் கிடையாது. விற்ற பிரிட்டன்காரர் ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் 10 ஆண்டுச் சிறை. அதற்குள் அதை நம்பி எத்தனை வண்டிகளைச் சாவடிகளில் கடந்துபோக விட்டிருப்பார்கள்! நம் ஊரில் இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு, மை போட்டுப் புதையல் என்று சேமிப்பைப் பறிகொடுக்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஐந்து காகிதக் கப்புகள் அந்த வியாபாரத்தை ஒரு மாலையில் மூடிவிடும். பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இந்தச் சுற்றைக் கட்டி, இப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குச் செலவழிக்கும் பணத்தைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

இனி வாசகிக்கு. இந்தக் கருவிக்குத் துருப்பிடித்த ஆணியும் பவுனும் ஒன்றுதான், அதனால் கத்தியதையெல்லாம் எடுத்துப் பாருங்கள். சங்கிலியைத் தேடாமல் அதன் கொக்கியையோ டாலரையோ தேடுங்கள். கெட்டியான துண்டுகள் அவைதான் முதலில் சிக்கும். குழி மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிளாஸ்டிக் தட்டில் பரப்பி, நுனியை ஒட்டினாற்போல் மெதுவாக நகர்த்துங்கள். அலுமினியத் தாம்பாளம் வேண்டாம். கத்திய பிடியைப் பாதியாகப் பிரித்து மறுபடி காட்டுங்கள். சிறு கொக்கியானாலும் ஐந்தாறு முறை பிரிப்பதற்குள் கையில் இருக்கும்.