‘ஒன்ஸ்’ என்றால் எத்தனை நாளைக்கு ஒருமுறை?

‘ஒன்ஸ்’ என்ற ஆங்கில வினையடைக்கு ‘ஒருமுறை’ என்று பொருள். பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிற சொல்தான். ஆனால் மருந்துச் சீட்டில் அது பாதிச் சேதியை மட்டுமே சொல்லும். மீதியைச் சொல்வது அடுத்து நிற்கும் சொல். ‘ஒன்ஸ் டெய்லி’ தினமும் ஒருமுறை. ‘ஒன்ஸ் வீக்லி’ வாரத்துக்கு ஒருமுறை. மேட்டூரில் தண்ணீர் குறைந்து முறை வைத்துப் பாசனம் நடக்கும் வருஷத்தில், ‘ஒரு முறை தண்ணி உண்டு’ என்று மட்டும் கேட்டுவிட்டு டெல்டாவில் யாரும் மடையைத் திறக்கப் போவதில்லை. எந்தக் கிழமை, எத்தனை நாளைக்கு என்று கேட்ட பிறகுதான் மண்வெட்டியை எடுப்பார்கள். மாத்திரைக்கும் அதே கேள்வி வேண்டும்.

தமிழில் சொல்லும்போது இன்னொரு தவறு சேர்ந்துகொள்கிறது. மருந்துக்கடையில் அவசரத்தில் ‘ஒரு வேளை போடுங்க’ என்று சொல்லிக் கவரில் 1-0-0 என்று எழுதிக் கொடுத்தால், வாங்குபவர் தினமும் காலையில் என்றுதான் எடுத்துக்கொள்வார். வேளை என்பது நாளுக்குள் அடங்கிய கணக்கு. வார மருந்துக்கு அந்தச் சொல்லே கூடாது. ‘வாரத்தில் ஒரே நாள், புதன்கிழமை மட்டும்’ என்று கிழமையைச் சொல்லி, கவரிலும் தமிழில் எழுத வேண்டும். ஊரில் சந்தை கூடும் நாளாக இருந்தால் வீட்டில் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

வார மருந்தைத் தினமும் போடும் இந்தத் தவறில் உயிருக்கே ஆபத்தானது மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை. முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் பெரும்பாலும் வாரம் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை தருவார்கள். பலன் தெரியவே ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வலி தாங்காமல் தினமும் போட ஆரம்பிப்பது பல நேரம் இப்படித்தான். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினும் அதே போலச் சின்ன மஞ்சள் மாத்திரையாக இருப்பதுண்டு. அதை மற்ற நாட்களில் போடச் சொல்லியிருப்பார்கள். இரண்டும் இடம் மாறினால் வினை. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவது தடைபடும். வாயெல்லாம் புண், தொண்டைவலி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தோலில் காரணமில்லாமல் ரத்தக்கட்டு என்று வரும். வாய்ப்புண்ணைப் பார்த்ததும் சூடு என்று சொல்லி மணத்தக்காளிக் கீரையும் இளநீரும் கொடுத்து நாளைக் கடத்துவதுதான் பெரிய கொடுமை. சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்கு மருந்து உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் பாதிப்பு இன்னும் அதிகம். தினமும் போட்டுவிட்டது தெரிந்தால் மாத்திரையை உடனே நிறுத்துங்கள். அட்டையையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பக்கத்தில் இருப்பதற்கு அன்றைக்கே போங்கள். ஃபோலினிக் ஆசிட் என்ற முறிவு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறார்களோ அவ்வளவு பலன். வீட்டிலிருக்கும் ஃபோலிக் ஆசிட் அதற்கு ஈடாகாது.

கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று: வாரம் ஒரு மாத்திரை என்றால் மாதத்துக்கு நான்கு, ஐந்துதான் செலவாகும். பத்து மாத்திரை அட்டை பத்தே நாளில் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் வந்து நின்றால், அடுத்த அட்டையை எடுக்காமல் எப்படிப் போட்டார் என்று கடைக்காரர் கேட்டே ஆக வேண்டும்.

வைட்டமின் டி 60,000 யூனிட்டும் பெரும்பாலும் வார மருந்துதான். தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், மலச்சிக்கல் வரும்.

கண் மருத்துவர் சீட்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மற்ற இடங்களில் ‘ஓ.டி.’ என்றால் தினமும் ஒருமுறை. கண் சீட்டில் அது வலது கண். லத்தீன் சுருக்கம்.

பாட்டில் மேல் ‘ஒன்ஸ் ஓப்பன்ட்’ என்று இருந்தால் ‘ஒருமுறை’ என்ற பொருளே இல்லை. ‘திறந்த பிறகு’ என்று அர்த்தம். இன்சுலின் குப்பி பெரும்பாலும் திறந்ததிலிருந்து 28 நாள், கண் சொட்டு மருந்து பெரும்பாலும் ஒரு மாதம். காலாவதித் தேதி அடுத்த வருஷம் என்று இருந்தாலும் இதுதான் கணக்கு. மூடியைத் திறந்த தேதியைப் பேனாவால் லேபிளிலேயே எழுதிவிடுங்கள்.