சார், லேப்டாப்பைக் காணோம்

கல்லூரியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நெட்வொர்க், வைஃபை, மாணவர்களின் கணக்குகள் இதெல்லாம்தான் என் பொறுப்பு, ஆனாலும் விடுதியில் ஒரு லேப்டாப் திருடு போனால் பிள்ளைகள் முதலில் ஓடி வருவது எங்கள் அறைக்குத்தான். வந்ததும் நான் கேட்பது ஒன்றுதான். சீரியல் நம்பர் இருக்கா? பெரும்பாலும் பதில் வராது. மாடல் பெயர் சொல்வார்கள், நிறம் சொல்வார்கள், மூடியில் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது என்றுகூடச் சொல்வார்கள். அதே மாடல், அதே நிறம் அந்த விடுதியிலேயே இன்னும் எத்தனை பேரிடம் இருக்கும்! ஸ்டிக்கரை உரிக்க எவ்வளவு நேரமாகும்?

அதனால் இதைப் படிக்கும்போதே லேப்டாப்பைத் திருப்பி, அடியில் இருக்கும் லேபிளைப் படம் எடுத்துவிடுங்கள். வாங்கிய பில்லிலும் பெட்டியிலும்கூட அந்த எண் இருக்கும். மேக் என்றால் ஆப்பிள் மெனுவில் 'அபவுட் திஸ் மேக்' பாருங்கள். எடுத்த படத்தை உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள், லேப்டாப்பிலேயே போட்டு வைத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். போலீஸ் புகாரில் எழுதவும், நாளைக்கு எங்காவது கிடைத்தால் அது உங்களுடையதுதான் என்று நிரூபிக்கவும் அந்த எண்தான் வேண்டும். வைஃபை கார்டின் மேக் முகவரியையும் (MAC address, ஆப்பிள் மேக் இல்லை; நெட்வொர்க்கில் உங்கள் மெஷினை அடையாளம் காட்டும் எண்) குறித்து வையுங்கள். அது இருந்தால் உங்கள் மெஷின் கல்லூரி வைஃபையில் கடைசியாக எந்த இடத்தில், எத்தனை மணிக்கு இணைந்திருந்தது என்று எங்களால் தேடிப் பார்க்க முடியும். 'நேற்று ராத்திரி எப்போதோ' என்று தொடங்கும் தேடல் அரை மணி நேரத்துக்குள் சுருங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

எப்படிப் போகிறது என்று கேட்டால், பூட்டை உடைத்துப் போனதாக என்னிடம் வந்தவர்கள் ரொம்பக் குறைவு. குளிக்கப் போன பத்து நிமிஷம், சாப்பிடப் போன இருபது நிமிஷம், கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருந்த நேரம், இப்படித்தான். அறை நண்பன் உள்ளே இருக்கிறான் என்று நீங்கள் கிளம்ப, நீங்கள் இருக்கிறீர்கள் என்று அவன் கிளம்பியிருப்பான். இதை மட்டும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: கடைசியாக வெளியே போகிறவர் பூட்ட வேண்டும், உள்ளே ஆள் தூங்கினாலும் சரி. அப்புறம், பருவம் முடிந்து அறைகளைக் காலி செய்யும் நாட்கள். எல்லாக் கதவும் திறந்திருக்கும், ஆளாளுக்குப் பையும் பெட்டியுமாகப் போவார்கள், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அந்த நாட்களில் லேப்டாப் உங்கள் தோளில்தான் இருக்க வேண்டும்.

கேபிள் பூட்டு நல்ல முதலீடு. பல லேப்டாப்களின் பக்கவாட்டில் 7 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்னத் துளை இருக்கும், கென்சிங்டன் பூட்டு அதில் மாட்டும். மெல்லிய மாடல்கள் சிலவற்றில் இதைவிடச் சிறிய துளை இருக்கும், இப்போதைய மேக்புக்குகளில் துளையே கிடையாது, அதனால் பார்த்து வாங்குங்கள். மேஜைக் காலில் சுற்றி மாட்டுவது வீண், மேஜையைக் கொஞ்சம் தூக்கினால் கேபிள் கழன்றுவிடும். சுவரோடு பதித்த கம்பி, கட்டில் சட்டத்தின் குறுக்குக் கம்பி மாதிரி ஒன்றில் மாட்டுங்கள். கேபிளை வெட்ட முடியாதா என்றால், முடியும். ஆனால் திறந்த கதவைப் பார்த்து உள்ளே நுழைகிறவன் கையில் வெட்டும் கருவியோடு வருவதில்லை.

பொருளைவிட எனக்குப் பெரிய கவலை உள்ளே இருப்பது. விண்டோஸ் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அந்தப் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை, உங்கள் படங்கள், சான்றிதழ்கள் எல்லாம் அப்படியே திறக்கும். டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டியிருக்க வேண்டும்: விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்', மேக்கில் ஃபைல்வால்ட். பல புதிய மெஷின்களில் தானாகவே இயங்கியிருக்கும், ஆனால் இருக்கும் என்று நம்பிவிடாமல் செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள். பிட்லாக்கருக்கு 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு, அது லேப்டாப்புக்கு வெளியே எங்காவது பத்திரமாக இருக்கட்டும்.

பேக்கப்பைப் பற்றி நீட்டவில்லை. ஆனால் இறுதியாண்டு புராஜெக்ட் முழுவதையும் இழந்து என் எதிரே பேச்சே வராமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை இன்னும் மறக்க முடியவில்லை. பேக்கப் எடுத்துத்தான் வைத்திருந்தாள், ஹார்டு டிஸ்க் அதே பையில் இருந்தது.

சரி, போயே போய்விட்டது என்றால்? முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற கணக்குகளுக்கெல்லாம் சாவி அதுதான். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள், போனில் வாட்ஸ்அப்பின் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் அந்த லேப்டாப்பை நீக்குங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், வங்கி முதலில். விடுதிக் காப்பாளரிடமும் போலீஸிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். மேக் என்றால், சாதனம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆப்பிளின் 'ஃபைண்ட் மை'யில் தொலைந்ததாகக் குறியுங்கள், கோபத்தில் பட்டியலிலிருந்தே நீக்கிவிடாதீர்கள். நீக்கினால், உங்கள் ஆப்பிள் கணக்கு இல்லாமல் மற்றவர் பயன்படுத்த விடாத ஆக்டிவேஷன் லாக்கும் போய்விடும், எடுத்தவன் புது மெஷின் போலப் பயன்படுத்தலாம். வரைபடத்தில் ஏதோ ஒரு முகவரி தெரிந்தால் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள். நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புகார் கொடுத்த காவல் நிலையத்தில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.