மலைத் தண்ணீர் வற்றுவதற்கு முன்னால் கூடும்

"ஆற்றில் முன்னைவிட நிறையத்தானே தண்ணீர் வருகிறது, பிறகு எதற்குப் பயமுறுத்துகிறீர்கள்?" மலைநீர் ஆய்வு என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். நியாயமான கேள்விதான். வெப்பம் ஏற ஏறப் பனிப்பாறை வேகமாக உருகும், அதனால் சில பத்தாண்டுகளுக்குக் கோடையில் ஆற்று நீர் கூடத்தான் செய்யும். அப்புறம் உருகுவதற்குப் பனியே போதாமல் வரத்து இறங்கத் தொடங்கும். பெரு நாட்டின் சான்டா ஆற்றுக்கு நீர் தரும் பனியோடைகளில் பெரும்பாலானவை அந்த உச்சத்தை எப்போதோ தாண்டிவிட்டன. கூடுதல் நீர் வரும் வருடங்களை நம்பிப் பாசனப் பரப்பை விரிக்கிறார்கள், புனல்மின் நிலையம் கட்டுகிறார்கள். முதல் பணத்தை எடுத்துத் தின்றுகொண்டு அதை வட்டி என்று நினைப்பது போலத்தான் இது.

பொலிவியாவில் 5,000 மீட்டருக்கு மேல் இருந்த சக்கல்தாயா பனிப்பாறை 2009-இல் முழுதாக மறைந்தது. இந்துகுஷ், இமயமலைப் பகுதி பற்றி 2019-இல் வெளிவந்த பெரிய மதிப்பீடு ஒன்று, வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் அங்குள்ள பனிப்பாறைகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டுக்குள் போய்விடும் என்கிறது. அந்த மலைகளில் 24 கோடிப் பேரும், கீழே ஆற்றுப் படுகைகளில் 165 கோடிப் பேரும் வாழ்கிறார்கள்.

ஆனால் பனிப்பாறை பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இமயமலையின் நடுமலைக் கிராமங்களுக்கு ஆறு எங்கோ பள்ளத்தில் ஓடுகிறது, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஊற்று நீர்தான். அது வற்றுவது செய்தியாவதே இல்லை.

ஊற்றை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், அளவு தெரிந்த வாளியும் போனில் இருக்கும் கடிகாரமும் போதும். 10 லிட்டர் வாளி 20 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லிட்டர். அதே வாளிக்குக் கோடைக் கடைசியில் 100 விநாடி ஆனால் வெறும் 6 லிட்டர். மாதம் ஒருமுறை எழுதி வைத்தாலே மலையின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். மழை பெய்த சில மணி நேரத்தில் நீர் கலங்கி, வரத்து எகிறி, சில நாளிலேயே பழையபடி விழுந்துவிட்டால் அந்த மலையில் சேமிப்பு இல்லை என்று அர்த்தம். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் ஊற்றுதான் வறண்ட மாதங்களைத் தாங்கும்.

இங்கேதான் பருவநிலை மாற்றம் கைவைக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரப்பதத்தைத் தாங்கும், அதனால் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது, சரிவில் விழுந்த நீர் மண்ணில் இறங்க நேரமில்லாமல் ஓடிவிடுகிறது. வாரக்கணக்கில் கசிந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்த பனிப்பொழிவும் பல இடங்களில் மழையாக மாறிவருகிறது. ஆக, ஆண்டு மழை குறையாமலேயே ஊற்று வற்றும்! பழி முழுவதையும் பருவநிலை மீது போட்டுவிடவும் கூடாது. சாலைக்காக மலையை வெட்டியதில் நீர்த்தடம் அறுந்துபோன ஊற்றுகளும் உண்டு.

தண்ணீரோடு இது நிற்கவில்லை. 1802-இல் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் ஈக்வடார் மலைகளில் பதிவு செய்த தாவரங்களை 2012-இல் அங்குள்ள சிம்பொராசோ மலையில் போய்ப் பார்த்தவர்கள், அவை முன்பைவிட உயரே ஏறிவிட்டதைக் கண்டார்கள். உச்சிக்குப் போன செடிக்கு அதற்கு மேல் இடமில்லை. எத்தியோப்பியா, கொலம்பியா மேட்டுநிலங்களில் வெப்பமான ஆண்டுகளில் மலேரியாவும் மேலே ஏறுகிறது.

சரி, செய்ய முடிந்தது என்ன? சிக்கிமில் 2008 முதல் 'தாரா விகாஸ்' திட்டத்தில் ஊற்றுகளுக்கு நீர் சேரும் சரிவுகளில் குழிகளும் சரிவுக்குக் குறுக்கான அகழிகளும் வெட்டி மழைநீரை இறக்குகிறார்கள். இதில் பலர் கவனிக்காத விஷயம், பாறை அடுக்குகள் சாய்ந்திருக்கும் திசையைப் பொறுத்து ஒரு ஊற்றுக்கு நீர் சேரும் இடம் மலையின் மறுபக்கத்தில்கூட இருக்கலாம். அதைப் பார்க்காமல் ஊற்றுக்கு நேர் மேலே குழி வெட்டினால் உழைப்புதான் வீண், அந்தப் பக்கத்துச் சரிவு வேறு கிராமத்துக்குச் சொந்தம் என்றால் முதலில் அவர்களோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கும்.

மழைக்காலத்தில் எடுத்த ஒற்றை அளவை நம்பிப் போட்ட குழாய் கோடையில் காற்றைத்தான் தரும். எனவே மலைக் கிராமத்துக்குக் குடிநீர்த் திட்டம் என்று யாராவது வரைபடத்தோடு வந்தால், கோடைக் கடைசி மாதத்தில் அந்த ஊற்று எவ்வளவு தந்தது, எத்தனை வருடம் அளந்தீர்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.